வேலைக்கு முந்திய பொன்னாடை

ஜெயரட்ணம் மாமாவின் கார் டிக்கியில் எப்போதும் நாலைந்து பொன்னாடைகள் கிடக்கும். உறை பிரிக்காதவை. மரூன், பச்சை, நீலம், ஓரத்தில் தகதகக்கும் சரிகை. சென்னைக்குப் போகிற யாராவது மொத்தமாக வாங்கி வந்து கொடுப்பார்கள். அவர் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவர். அவருக்கு முன்பு தலைவராக இருந்தவரும் அவர்தான்; இடையில் ஒரு வருடம் மட்டும் அவருடைய மைத்துனர் இருந்தார்.

பொன்னாடை பற்றி அவருக்கு ஒரு கொள்கை உண்டு. வேலை முடிந்தபின் போர்த்துவது வெறும் மரியாதை. வேலை தொடங்குவதற்கு முன்பே போர்த்துவதுதான் கெட்டித்தனம். "போர்த்திப்போட்டா மனிசன் தப்பேலாது," என்பார். "இத்தனை பேர் பாக்க நன்றி சொல்லியாச்சு. பிறகு செய்யாமல் விட்டா அவருக்குத்தானே வெக்கம்."

இது அவர் கண்டுபிடித்த கொள்கை அல்ல. ஈழத்துக்காரர் சங்கமோ இந்தியாக்காரர் சங்கமோ, ஆக்லாந்தில் நான் பார்த்த எல்லா மேடையிலும் இதுதான் நடக்கிறது. இருக்கிற அமைச்சருக்கு ஒரு துணி, வரப்போகிற அமைச்சருக்கு ஒரு துணி, தோற்றுப்போனவர் திரும்ப வந்துவிடுவாரோ என்ற பயத்தில் அவருக்கும் ஒன்று. போர்த்துகிறவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். போர்த்தப்படுகிறவருக்கும் தெரிய வேண்டும் என்று யாரும் யோசித்ததில்லை.

எங்கள் தொகுதி எம்.பி.யின் பெயர் டங்கன் வார்பர்டன். ஆளுங்கட்சி, கடைசி வரிசை. செவ்வாய் முதல் வியாழன் வரை வெலிங்டனில் பாராளுமன்றம், வெள்ளிக்கிழமை தொகுதி அலுவலகம், சனியும் ஞாயிறும் விழாக்கள். அவருடைய முகநூல் பக்கத்தைப் பார்த்தால் சிறுபிள்ளைகள் கடதாசிப் பொம்மைக்கு உடுப்பு மாற்றி விளையாடியதுபோல இருக்கும். சீனப் புத்தாண்டுக்குச் சிவப்புச் சட்டை. சமோவா விழாவுக்குப் பூமாலை. சீக்கியரின் வைசாகிக்குத் தலையில் காவித் துணி. எங்களுக்குக் குர்தா. எல்லாப் படத்திலும் ஒரே சிரிப்பு.

பாராளுமன்றத்தில் அவர் பார்க்கிற வேலையும் எனக்குத் தெரியும். அப்பா பகலில் பாராளுமன்றத் தொலைக்காட்சி பார்ப்பார். வார்பர்டன் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சுகாதாரத் துறையில் என்னென்ன முன்னேற்றங்கள் வந்திருக்கின்றன என்று தங்கள் அமைச்சரிடமே கேட்பார். அமைச்சர் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார். கேள்வியும் அமைச்சரின் ஆட்கள் எழுதிக் கொடுத்ததுதான்.

"எங்கட ஆள் வடிவாப் பாடமாக்கிக்கொண்டு வந்திருக்கிறார்," என்பார் அப்பா. பாரிசவாதம் வந்தபிறகு அவருடைய சொற்கள் ஒரு பக்கமாகச் சரிந்துதான் வரும். ஆனால் வரும். "எல்லாரும் இருந்துகொண்டே வேலை செய்யினம். எனக்கும் உதுதான் தோதான உத்தியோகம்."

அப்பா சபாரத்தினம் இந்த ஊரில் பஸ் ஓட்டியவர். ஒரு நாள் காலையில் சப்பாத்து நாடாவைக் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. வலது பக்கம் முழுவதும் போய்விட்டது. அவரைக் கட்டிலிலிருந்து எழுப்பிக் குளியல் கதிரையில் இருத்த இரண்டு பேர் வேண்டும். ஒருவரால் முடியாது. அம்மா ஒருமுறை தனியாக முயன்று இரண்டு பேரும் தரையில் கிடந்தார்கள். அதற்காக உதவி நிறுவனம் ஒன்று ஒவ்வொரு காலையும் லோசா என்ற பெண்ணை அனுப்பிக்கொண்டிருந்தது. லோசா ஒரு பக்கம், அம்மா மறுபக்கம். குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, ஜன்னலோரக் கதிரையில் இருத்திவிட்டு அம்மா எல்லர்ஸ்லிக்கு வேலைக்குப் போவார். அங்கே அலுவலகக் கட்டடம் ஒன்றின் கன்ரீனில் சாண்ட்விச் செய்வது அம்மாவின் வேலை.

பிறகு நிறுவனம் தொலைபேசியில் ஒரு மறுமதிப்பீடு செய்தது. வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். அம்மா ஒளிவுமறைவு இல்லாமல், பதினேழு வயது மகள் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டார். அடுத்த வாரத்திலிருந்து லோசா செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வந்தாள். மற்ற நாட்களில் மறுபக்கம் நான்.

காலையில் அப்பாவைத் தூக்கிக் குளிக்க வைத்து, மத்தியானம் சாப்பாடு கொடுத்து, மூன்று மணிக்கு அம்மா வந்ததும் அவரோடு சேர்ந்து திருப்பிப் படுக்க வைக்கிறவள் பள்ளிக்கூடத்தில் எந்த வகுப்புக்குப் போவாள்? முதலில் பிந்திப் போனேன். பிறகு போகாமல் விட்டேன். பள்ளிக்கூடத்திலிருந்து கொஞ்ச நாள் அழைத்தார்கள், பிறகு அதுவும் நின்றது. நான் போகாததைவிட அப்பாவுக்கு வேறொன்று பெரிய கஷ்டம். லோசா கழுவிவிடும்போது அவர் பகிடி சொல்லுவார். நான் நிற்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். குளித்து முடிந்து துவாய் சுற்றும்வரை திறக்கமாட்டார்.

அந்த ஐந்து காலைகளையும் திரும்ப வாங்க வேண்டும். எங்களுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அதற்காகத்தான் ஒரு வெள்ளிக்கிழமை, லோசாவை அப்பாவோடு கொஞ்சநேரம் கூடுதலாக இருக்கச் சொல்லிக் கெஞ்சிவிட்டு, அம்மாவும் நானும் வார்பர்டனின் அலுவலகத்துக்குப் போனோம். த்ரீ கிங்ஸ் கடைத்தொகுதிக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக்கடைக்கும் கைபேசி திருத்துகிற கடைக்கும் நடுவில் இருக்கிறது. கண்ணாடி முழுவதும் அவருடைய முகம். உள்ளே மஹதி என்று ஒரு சென்னைப் பெண். எங்களைப் போன்றவர்களைச் சமாளிப்பதற்காகவே வைத்திருந்தார்கள்.

"சொல்லுங்க ஆன்ட்டி, நான் சாருக்கு எடுத்துச் சொல்றேன்."

"பிள்ளை, முந்தி ஏழு நாளும் ஆள் வந்தது. இப்ப ரெண்டே நாள். மற்ற நாளிலை என்ரை பிள்ளைதான் தூக்குது. படிப்பையும் விட்டிட்டுது."

மஹதி சொன்னாள். வார்பர்டன் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார். இரக்கம் காட்டுவதற்கென்று அளவு பார்த்து வைத்த சாய்வு. பிறகு அதே கோணத்தை அவருடைய சுவரொட்டியிலும் பார்த்தேன். என் பக்கம் திரும்பி, செவிடருக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி ஆங்கிலத்தில் கேட்டார், பள்ளிக்கூடம் பிடிக்குமா என்று. நான் இந்த ஊரில் பிறந்தவள். பதில் சொல்லவில்லை. வெட்கப்படுகிறாள் என்று அவரே முடிவுசெய்து, தனக்கும் ஒரு மகள் உண்டு என்று சொல்லி, இதைத் தானே நேரில் கவனிப்பதாக வாக்குக் கொடுத்தார். வெளியே வரும்போது மூன்று பேரையும் வைத்து மஹதி படம் எடுத்தாள்.

அன்று மாலையே ஜெயரட்ணம் மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். படத்தை முகநூலில் பார்த்திருக்கிறார்.

"தங்கச்சி, வாற சனி எங்கட ஆண்டு விழா. வார்பர்டன்தான் பிரதம விருந்தினர். நீங்கள்தான் அவருக்குப் போர்த்துறீங்கள்."

அம்மா திகைத்துப்போனார். "அண்ணை, அவர் இன்னும் ஒண்டும் செய்யேல்லையே."

"அதுக்குத்தானே போர்த்துறது."

"செய்தாப் பிறகு..."

"செய்தாப் பிறகு ஆருக்கு வேணும் உங்கட பொன்னாடை?" என்றார் மாமா. "இப்ப போர்த்தினா, திங்கள் விடிய அவர் அந்தக் கம்பனிக்குப் போன் அடிப்பார். எனக்குத் தெரியாதா இவையளை."

அப்பா கதிரையிலிருந்து, "ஜெயம், எனக்கும் ஒண்டு போர்த்திவிடும். நானும் எழும்பி நடக்கிறனோ பாப்பம்," என்றார். மாமா சிரிக்கவில்லை.

அம்மாவுக்கு மறுக்கத் தெரியாது. சங்கத்தில் யாரையும் பகைத்துக்கொள்ளக் கூடாது என்று நினைக்கிறவர். விழா ரோஸ்கில் பக்கத்தில், ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். வார்பர்டன் குர்தாவில் வந்தார். "வணக்கம்" என்று சொன்னதற்கே மண்டபம் கைதட்டியது. நாங்கள் இவ்வளவு மலிவு. ஒலிபெருக்கியில் மாமாவின் குரல்: "எங்கள் தொகுதி மக்களின் துயர் துடைக்கும் மாண்புமிகு உறுப்பினருக்கு, அவரால் பயன்பெற்ற ஒரு தாய், கண்ணீர் மல்க, நன்றிப் பொன்னாடை போர்த்துகிறார்." அம்மா கண்ணீர் மல்கவில்லை. மேடைப் படியில் சேலை தடக்கிவிடுமோ என்ற பயத்தில்தான் இருந்தார். மரூன் பொன்னாடை. வார்பர்டன் உயரமானவர், நன்றாகக் குனிந்து வாங்கினார்.

திங்கள் விடிந்தது. யாரும் வரவில்லை. மறுபக்கத்தில் நான்தான் பிடித்தேன். செவ்வாய் லோசா வந்தாள். அவளுக்கும் ஒன்றும் தெரியாது.

புதன்கிழமை அப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். பாராளுமன்றத்தில் புதன்கிழமைகளில் யாரும் எதையும் பேசலாம் என்று ஒரு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். வார்பர்டனின் முறை வந்தது. எழுந்தார். கோட்டுக்கு மேலே, தோளில், எங்கள் மரூன் பொன்னாடை.

"கொஞ்சம் சத்தத்தைக் கூட்டு," என்றார் அப்பா.

வார்பர்டன் பேசினார். இந்தச் சால்வையைத் தனக்கு அணிவித்தவர் த்ரீ கிங்ஸில் வாழும் ஒரு தாய் என்றார். அம்மாவின் பெயரையே சொல்லி, திருமதி செல்வநாயகியின் கணவர் நோயாளி என்றும், அவருடைய பராமரிப்பு நேரம் குறைக்கப்பட்டது என்றும், அந்தத் தாய் தன்னைத் தேடி வந்தார் என்றும் சொன்னார். இந்த அரசாங்கத்தில் ஒரு சாதாரணக் குடிமகள் தன் உறுப்பினரிடம் வந்தால் போதும், காரியம் நடக்கும் என்றார். இன்று ஒவ்வொரு காலையும் அந்த வீட்டுக்கு உதவியாளர் வருகிறார். இன்று அவருடைய மகள் மீண்டும் வகுப்பறையில் இருக்கிறாள்.

வகுப்பறையில் இருக்கிற மகள் ஒரு கையில் கரண்டியோடு நின்றாள். எதிர்க்கட்சிப் பக்கத்தில் யாரோ ஏதோ கத்தினார்கள். அவருடைய பக்கத்தில் மேசையைத் தட்டினார்கள். அங்கே ஒரு உறுப்பினரைப் பார்த்து இன்னொரு உறுப்பினர் பொய் சொல்கிறார் என்று சொல்லக் கூடாதாம். அது சபை மரியாதைக்கு விரோதமாம். பொய் சொல்வது எவ்வளவு மரியாதைக்கு விரோதம் என்பதைப் பற்றி அவ்வளவு கண்டிப்பு இல்லைப்போலத் தெரிகிறது.

அப்பா விழுங்கிவிட்டுச் சொன்னார், "என்னைப் பற்றிப் பாராளுமன்றமே கதைக்குது. நான் இன்னும் மேல் கழுவேல்லை." அன்று அம்மாவுக்கு இடுப்புப் பிடித்திருந்தது, ஈரத்துணியால் முகத்தை மட்டும் துடைத்திருந்தோம்.

அந்தக் காணொளி பின்னேரத்துக்குள் எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் ஓடியது. சிட்னியிலிருந்து, டொரோண்டோவிலிருந்து, சென்னையிலிருந்து வாழ்த்து. நியூசிலாந்துப் பாராளுமன்றத்தில் தமிழரின் பொன்னாடை. அவர் என்ன பேசினார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் துணியைத்தான் பார்த்தார்கள். சரிகை கமராவில் நன்றாக விழுந்திருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார்.

ஜெயரட்ணம் மாமா அழைத்தார். "பாத்தீங்களோ தங்கச்சி. உங்கட கையாலை போர்த்தினது. சரித்திரம்."

"அண்ணை, ஆள் வரேல்லை. அவர் வாறதெண்டு சொல்லுறார்."

"வரும், வரும். இப்ப சபையிலையே சொல்லிப்போட்டார். இனி வராமல் விடேலுமோ?"

விடலாம் என்று அடுத்த நாள் தெரிந்தது. அம்மா உதவி நிறுவனத்துக்கு அழைத்தார். அங்கே பேசிய பெண் தன்மையாகவே சொன்னாள். எம்.பி. அலுவலகத்திலிருந்து ஒரு விசாரணை வந்தது உண்மை. அதன்படி மறுபரிசீலனை தொடங்கியதும் உண்மை. ஆனால் திங்கட்கிழமை அதே அலுவலகம், குடும்பம் திருப்தியடைந்துவிட்டது, விஷயம் முடிந்தது என்று சொல்லிவிட்டது. எனவே மறுபரிசீலனையும் நின்றுவிட்டது.

அம்மா மஹதிக்கு அழைத்தார். அம்மாவின் காது கொஞ்சம் மந்தம் என்பதால் கைபேசி எப்போதும் ஒலிபெருக்கியில்தான் இருக்கும்.

"ஆன்ட்டி, நீங்கதானே மேடையில நன்றி சொன்னீங்க?" என்றாள் மஹதி.

"நான் ஒண்டும் சொல்லேல்லை பிள்ளை. போர்த்தச் சொன்னவை, போர்த்தினன்."

மஹதி கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "கார்ல திரும்பி வரும்போது சார் கேட்டாரு ஆன்ட்டி. 'இதைப் போட்டா வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தமா'ன்னு. நான்... ஆமான்னு சொல்லிட்டேன்."

"உங்கட ஊரிலை எப்பிடிப் பிள்ளை? முடிஞ்சாப் பிறகோ போர்த்துறவை?"

"இல்ல ஆன்ட்டி. எங்க ஊர்லயும் முன்னாடியேதான்." பெருமூச்சு விட்டாள். "அதையெல்லாம் வெள்ளைக்காரருக்கு எப்படி விளக்குறது சொல்லுங்க. அவரு சந்தோஷமா இருந்தாரு."

அவர் சந்தோஷமாக இருந்தார். அது போதுமாக இருந்திருக்கிறது. அந்த அலுவலகத்தில் எல்லோருடைய வேலையும் அதுதான். வார்பர்டனின் வேலை அமைச்சரைச் சந்தோஷமாக வைத்திருப்பது. மஹதியின் வேலை வார்பர்டனை. ஜெயரட்ணம் மாமாவுக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. அவர் அதை இலவசமாகவே செய்கிறார்.

"அப்ப அவரைச் சபையிலை எழும்பி, அது பிழை எண்டு சொல்லச் சொல்லுங்கோ," என்றார் அம்மா.

"ஐயோ ஆன்ட்டி, அது பெரிய விஷயம். எழுந்து திருத்தணும்னா கட்சியில விடமாட்டாங்க. தேர்தல் வேற வருது. நீங்க ஒண்ணு பண்ணுங்க, புதுசா ஒரு மனு குடுங்க. புது கேஸா போட்டுடலாம். வரிசையில ஒரு மூணு மாசம் ஆகும்."

அம்மா கைபேசியை மேசையில் வைத்துவிட்டுச் சோற்றுப் பானையைக் கழுவினார். அது ஏற்கெனவே கழுவிய பானை.

மாமாவிடம் கேட்டபோது அவர் பயந்துபோனார். எம்.பி.யைப் பிழை சொல்வதா, இவ்வளவு பெருமை கிடைத்தபிறகா. தமிழருக்கு நன்றி தெரியாது என்று நினைக்கமாட்டார்களா. இனி எந்த விழாவுக்காவது வருவார்களா. கடைசியில் ஒரு வழி சொன்னார். தீபாவளிக்கு இன்னொன்று போர்த்தலாம், இந்தமுறை பட்டிலே.

வெள்ளிக்கிழமை லோசா வந்ததும் அம்மா வேலைக்குப் போகும் உடுப்பைக் கழற்றிவிட்டுச் சேலை உடுத்தார். கன்ரீனுக்கு அழைத்துத் தலையிடி என்றார். என்னையும் வா என்றார். நான் செருப்பை மாட்டினேன்.

வார்பர்டனின் அலுவலகத்தில் முன்பு இல்லாத ஒன்று இருந்தது. வரவேற்பு மேசைக்குப் பின்னால், சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் மரூன் பொன்னாடை. சபையில் பேசி இரண்டு நாளுக்குள் சட்டம் போட்டாயிற்று. சில வேலைகளை அவர்களால் வேகமாகவும் செய்ய முடிகிறது. கீழே பித்தளைத் தகட்டில், நன்றியுள்ள ஒரு தொகுதிவாசியின் பரிசு என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தார்கள்.

ஒரு சீனக் கிழவரும் அவருடைய பேரனும், மடியில் குழந்தையோடு ஒரு தொங்கா நாட்டுப் பெண்ணும் காத்திருந்தார்கள். வார்பர்டன் தன் அறையிலிருந்து வெளியே வந்து அம்மாவைக் கண்டதும் இரண்டு கைகளையும் கூப்பினார்.

அம்மா கைகூப்பவில்லை. சுவரைக் காட்டினார். "பிள்ளை மஹதி, அவருக்குச் சொல்லுங்கோ. அதைத் திருப்பித் தரச் சொல்லி."

மஹதி அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வார்பர்டனைப் பார்த்தாள். பிறகு, இந்த அம்மா அந்தச் சால்வையை இங்கே பார்ப்பதில் மிகவும் பெருமைப்படுகிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

வார்பர்டன் சிரித்து, படம் எடுக்கலாமா என்று கேட்டார்.

அம்மா வருடக்கணக்காகக் கன்ரீனில் வெள்ளைக்காரரோடு வேலைசெய்கிறவர். ஆங்கிலத்தில் வாய்திறக்க வெட்கப்படுவாரே தவிர, காது அதற்கு நன்றாகப் பழகியது. "அவ சரியாச் சொல்லேல்லை," என்று எனக்குச் சொல்லிவிட்டு, வார்பர்டன் பக்கம் திரும்பி, தன் ஆங்கிலத்தில் தானே சொன்னார். அதைத் தமிழில் போட்டால் இவ்வளவுதான் வரும்: அவள் சொல்வது வேறு. எனக்கு அது திரும்ப வேண்டும். ஒருவரும் வரவில்லை. நீங்கள் வேலை செய்யவில்லை. வேலை செய்யுங்கள், நானே கொண்டுவந்து போர்த்துவேன். இப்போது தாருங்கள்.

குழந்தையோடு இருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பில் தோள் குலுங்கியது. சீனக் கிழவர் பக்கத்திலிருந்த தன் பேரனிடம் ஏதோ கேட்க, அவன் விளக்க, கிழவர் நன்றாகப் பார்ப்பதற்காகக் கதிரையை நகர்த்திக்கொண்டார்.

வார்பர்டனின் முகத்தில் அந்தச் சாய்வு வந்தது. பிறகு போய்விட்டது. ஏதோ தவறான புரிதல் என்றார். விசாரிப்பதாகச் சொன்னார். அறைக்குள் போய்ப் பேசலாமா என்றார்.

"உள்ளுக்குப் பிறகு கதைப்பம்," என்றார் அம்மா. "முதல்ல அது."

"ஆன்ட்டி, ப்ளீஸ்," என்றாள் மஹதி. "யாரும் குடுத்ததைத் திருப்பிக் கேக்க மாட்டாங்க."

"ஓம் பிள்ளை. செய்யாததுக்கு ஆரும் வாங்கவும் மாட்டினம்."

அம்மா கதிரையில் அமர்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். என்னையும் இருக்கச் சொன்னார். வார்பர்டன் சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றப் பார்த்தார். மேல் கொக்கி கழன்றது, கீழே களவு போகாதபடி திருகாணி போட்டு இறுக்கியிருந்தது. அலுவலகத்தில் திருப்புளி இல்லை. மஹதி கைபேசி திருத்தும் கடைக்கு ஓடி வாங்கி வந்தாள். அது கைபேசிக்கான திருப்புளி, ஊசி அளவு. மறுபடி ஓடினாள். எங்கள் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர் அதுவரை சட்டத்தை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றார். எங்களுக்காக அவர் பாரம் தாங்கியதை நான் கண்டது அன்றுதான்.

கடைசியில் கண்ணாடியைக் கழற்றினார்கள். பொன்னாடையை அம்மா மடித்து, கைப்பைக்குள் வைத்திருந்த மரக்கறிப் பையை விரித்து அதில் போட்டார். பிறகுதான் அவருடைய அறைக்குள் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. முதல்முறை வந்தபோது சொன்னதையேதான் சொன்னார். இந்தமுறை வார்பர்டன் தலையை நேராக வைத்துக் கேட்டார், தொலைபேசியைத் தானே எடுத்தார்.

பொன்னாடை திரும்பிப் போன கதை அன்றிரவே ஊரெல்லாம் தெரிந்தது. பரப்பியது நாங்கள் அல்ல. கைபேசிக் கடைக்காரர் பார்த்தீபன் எங்கள் சங்க உறுப்பினர். ஜெயரட்ணம் மாமா அழைத்துக் கத்தினார். தலைவராக இருந்த இத்தனை வருடத்தில் இப்படி ஒரு மானக்கேட்டைப் பார்த்ததில்லை என்றார். அம்மா அவர் முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டு, "ஓம் அண்ணை," என்றார். அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை லோசா வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள். திங்கள் முதல் வெள்ளி வரை இனி வருவாள் என்று சொல்லிவிட்டார்கள். முடியாது, நிதி இல்லை, மதிப்பீடு அப்படி என்று மாதக்கணக்காகச் சொன்னவர்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்புப் போதுமாக இருந்திருக்கிறது. அந்த அழைப்பை அவர் முதல் வெள்ளிக்கிழமையே எடுத்திருக்கலாம். எடுக்க வைத்தது அப்பாவின் கால் அல்ல, என் படிப்பும் அல்ல. காத்திருந்த தொகுதிவாசிகள் முன்னால் சிரிப்புக்கிடமாக நின்றதுதான்.

பாராளுமன்றத்தில் அவர் எதையும் திருத்தவில்லை. திருத்தவேண்டிய தேவையும் இல்லாமல் போயிற்று. சொன்ன அன்று பொய்யாக இருந்தது, பிறகு ஏறக்குறைய உண்மையாகிவிட்டது. மகள் வகுப்பறையில் இருக்கிறாள் என்ற பகுதியை மட்டும் நான் உண்மையாக்கவில்லை. பள்ளிக்கூடத்தில், அடுத்த வருடம் தொடக்கத்தில் வா என்றார்கள். யோசிக்கிறேன் என்றேன். அவர் சொன்னதற்காகப் போய் உட்கார்ந்ததுபோல ஆகிவிடுமே என்று இருக்கிறது.

தீபாவளி விழா ஒரு சனிக்கிழமை வந்தது. காலையிலேயே தொடங்கியது. மாமா பழையதை மறந்துவிட்டவர்போல ஒரு வாரமாக அழைத்துக்கொண்டிருந்தார். வேலை நடந்துவிட்டது, அம்மா வாக்குக் கொடுத்தபடி போர்த்த வேண்டும், வார்பர்டனும் எதிர்பார்க்கிறார். அம்மா அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர்தான். சேலையைக்கூட எடுத்து வைத்திருந்தார்.

ஆனால் சனிக்கிழமை லோசா வருவதில்லை.

அப்பாவைக் குளியல் கதிரையில் இருத்திச் சவர்க்காரம் போட்டுக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. அம்மாவின் கை ஈரம். நான் அழுத்திக் கைகழுவும் தொட்டியின் ஓரத்தில் வைத்தேன். மேளச் சத்தத்துக்கு மேலாக மாமாவின் குரல் வந்தது.

"தங்கச்சி, எங்கை நிக்கிறியள்? அவர் வந்திட்டார். மேடையிலை இருத்திப்போட்டம்."

"இவருக்கு மேல் கழுவுறம் அண்ணை. ஆள் இல்லை."

"ஆள்தான் வருகுதெல்லே இப்ப?"

"சனி ஞாயிறு வாறதில்லை."

"அதுக்கு நான் என்ன செய்யிறது? நிகழ்ச்சி நிரலிலை உங்கட பேர் கிடக்கு. அவர் கேக்கிறார், எங்கை அந்த அம்மா எண்டு."

"கேட்டா உள்ளதைச் சொல்லுங்கோ," என்றார் அம்மா. "சனிக்கிழமைக்கும் ஆள் விடச் சொல்லுங்கோ. அடுத்த சனி வந்து போர்த்துறன்."

"மேடையிலை வைச்சு எப்பிடித் தங்கச்சி அதைச் சொல்லுறது?"

"ஏன், மைக் இல்லையோ?"

கண்ணை மூடியிருந்த அப்பா வாயைக் கோணலாக்கிச் சிரித்தார். சவர்க்கார நுரை வாய்க்குள் போய்த் துப்பினார். மாமா இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், கார் டிக்கியில் வேறு ஒன்று இருக்கிறது, தானே போர்த்திவிடுகிறாராம். "போர்த்துங்கோ," என்று அம்மா சொல்லி, முழங்கையால் தட்டிக் கைபேசியை நிறுத்தினார்.

"பிடி பிள்ளை," என்றார் என்னிடம். நான் மறுபக்கம் பிடித்தேன். மூன்று என்று அம்மா எண்ணி முடிக்க இரண்டு பேரும் தூக்கினோம்.